ஹீத்கிளிஃப் எதைக் கொண்டு பழிவாங்கினான்?

'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைப் படித்து முடித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கேத்தரின் ஹீத்கிளிஃபை உண்மையாகவே காதலித்தாள் என்றால் பணக்கார எட்கர் லிண்டனை ஏன் மணந்தாள்? அவள் இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளை ஹீத்கிளிஃப் ஏன் வதைக்கிறான்? இதைக் காதல் கதை என்று எப்படிச் சொல்கிறார்கள்? மேலோட்டமாக இவை மூன்று கேள்விகள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றே என்று நினைக்கிறேன்: இந்த நாவலில் காதல், பழி, வர்க்கம் ஆகிய மூன்றும் தனித்தனியாக ஓடுகின்றனவா, அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறதா? இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கில இலக்கியம் கற்பித்து, இந்த நாவலைப் பலமுறை வகுப்பறையில் வாசித்தவன் என்ற முறையில், இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கேத்தரினுக்கும் ஹீத்கிளிஃபுக்கும் இடையே இருந்த பற்று உண்மையானது. அந்தப் பற்று வாழ இடமில்லாமல் செய்தது வர்க்கம். ஆனால் காதல் கசந்து பழியாக மாறியது என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. நிலம், அடமானம், திருமணம், உயில், கல்வி மறுப்பு என்று தன்னை இழிவுபடுத்திய வர்க்கத்தின் கையில் இருந்த ஆயுதங்களை ஹீத்கிளிஃப் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறான். அவற்றைக் கொண்டே திருப்பித் தாக்குகிறான். அதனால்தான் அவனுடைய பழி, அவன் மீது கைவைத்தவர்களோடு நிற்பதில்லை. சொத்து எந்த வழியில் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறதோ அந்த வழியிலேயே பழியும் பிள்ளைகள்மேல் இறங்குகிறது.

எமிலி பிராண்டே தம்முடைய இந்த ஒரே நாவலை 'எல்லிஸ் பெல்' என்ற புனைபெயரில் 1847 டிசம்பரில் வெளியிட்டார். மறு ஆண்டு அதே மாதத்தில் 30 வயதில் காசநோயால் இறந்தார். ஆனால் கதை நிகழும் காலம் அதற்கும் முந்தையது. 1801 என்ற ஆண்டோடு தொடங்கி, முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, 1802-இல் முடிகிறது. கதையைக் கேட்டு எழுதும் லாக்வுட், தான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்வதுதான் நாவலின் முதல் வாக்கியம். அந்த உரிமையாளர்தான் ஹீத்கிளிஃப். காதலனாக அவனை அறிவதற்கு வெகு முன்பே, வாடகை வாங்கும் நிலவுடைமையாளனாக நாம் அவனைச் சந்தித்துவிடுகிறோம். கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் இந்த வாக்கியத்தை நான் கவனிக்காமலே கடந்து போயிருக்கிறேன். இன்றைக்கு, கதையின் மையக் கேள்வி அதிலேயே இருப்பதாக எண்ணுகிறேன்: தெருவில் பட்டினி கிடந்த ஒரு பிள்ளை இரண்டு பெரிய வீடுகளுக்கு உடைமையாளன் ஆனது எப்படி?

அந்த இரண்டு வீடுகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் காற்று மோதும் உச்சியில் இருப்பது வுதரிங் ஹைட்ஸ்; சொந்த நிலத்தில் தாங்களே பயிர் செய்யும் எர்ன்ஷா குடும்பத்தின் பழைய பண்ணைவீடு. அதன் வாசலுக்கு மேலே 1500 என்ற ஆண்டும் ஹேர்ட்டன் எர்ன்ஷா என்ற பெயரும் செதுக்கப்பட்டுள்ளன. நான்கு மைல் தொலைவில், பள்ளத்தாக்கில், பூங்கா சூழ இருப்பது திரஷ்கிராஸ் கிரேஞ்ச். அங்கே இருப்பவர்கள் லிண்டன் குடும்பத்தார். மூத்த லிண்டன் குற்றவியல் நடுவரும்கூட. எர்ன்ஷாக்களும் மதிப்புள்ள குடும்பத்தினர்தாம். ஆனால் லிண்டன்கள் அவர்களைவிட ஒரு படி மேலே இருக்கிறார்கள். வர்க்கம் என்பது இந்த நாவலில் ஏழை, பணக்காரன் என்ற இரண்டு தட்டுகளாக மட்டும் வருவதில்லை. நிலம், படிப்பு, பேச்சு, கைகளின் தூய்மை, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பது என்று பல நுண்ணிய படிகளாக வருகிறது. கேத்தரினின் தவறு எங்கே நேர்ந்தது என்பதை அறிய இந்தப் படிகளை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

மூத்த எர்ன்ஷா லிவர்பூலுக்கு 60 மைல் நடந்தே போய்த் திரும்பும்போது, தெருவில் கிடந்த ஒரு கறுத்த சிறுவனைத் தம் மேலங்கிக்குள் சுருட்டிக்கொண்டு வருகிறார். மகன் ஹிண்ட்லிக்கு வாங்கிய பிடில் நொறுங்கிப் போகிறது. மகள் கேத்தரின் கேட்ட சவுக்கு தொலைந்து போகிறது. கதை முழுவதையும் சொல்லும் பணிப்பெண் நெல்லி டீன், அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும் முதல் பத்திகளில் 'அவன்' என்று சொல்வதில்லை. தமிழ் இலக்கணப்படி சொன்னால், அஃறிணையில் 'அது' என்றே குறிக்கிறாள். விடிவதற்குள் 'அது' போய்விட்டால் நல்லது என்று மாடிப்படித் தளத்திலேயே கிடத்தியும் விடுகிறாள். பிறகு ஒரு பெயர் கிடைக்கிறது. அந்த வீட்டில் சிறுவயதிலேயே இறந்துபோன ஒரு மகனின் பெயர் அது. ஹீத்கிளிஃப் என்ற அந்த ஒற்றைப் பெயரே முன்பெயராகவும் குடும்பப் பெயராகவும் வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. எர்ன்ஷா என்ற குடும்பப் பெயர் அவனுக்குத் தரப்படவே இல்லை. அன்பு காட்டிய அந்தப் பெரியவரும்கூட அவனுக்குச் சட்டப்படியான ஓர் இடத்தை உண்டாக்கிவிட்டுப் போகவில்லை. அவர் கண்ணை மூடியதும் அந்த அன்பு காப்பு இல்லாததாகிவிடுகிறது.

தந்தை இறந்தபின் வீட்டுத் தலைவனாகும் ஹிண்ட்லி செய்வதைக் கவனமாகப் பாருங்கள், ஏனெனில் பின்னால் ஹீத்கிளிஃப் செய்யப்போவதற்கு இதுவே மூலப்படி. அவன் ஹீத்கிளிஃபை வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. பாதிரியாரிடம் படித்துக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்துகிறான். வேலையாட்களோடு உட்கார வைக்கிறான். வயலில் உழைக்க வைக்கிறான். சில ஆண்டுகளில், கற்றதை எல்லாம் இழந்து, பேச்சும் நடையும் முரடாகி, தன்னைத் தானே வெறுக்கும் ஓர் இளைஞனாக ஹீத்கிளிஃப் மாறுகிறான். அடித்ததைவிட ஆழமான கொடுமை இதுதான். ஒருவனைக் கீழே தள்ளிவிட்டு, அவன் அங்கே கிடப்பதையே அவனுடைய பிறவிக்குணம் என்று காட்டுவது.

அப்போது கேத்தரினுக்கு என்ன நேர்கிறது? கிரேஞ்சின் சன்னல் வழியே எட்டிப் பார்க்கப் போன இரண்டு பிள்ளைகளில், நாய் கடித்த கேத்தரினை லிண்டன்கள் உள்ளே தூக்கிப் போய்ச் சோபாவில் கிடத்திக் கால் கழுவுகிறார்கள். ஹீத்கிளிஃபை வெளியே அனுப்பிக் கதவை மூடுகிறார்கள். ஐந்து வாரம் அங்கே தங்கித் திரும்பும் கேத்தரின் நல்லாடை உடுத்த சீமாட்டி. தன்னைத் தொட்ட அவன் விரல்களின் அழுக்கு ஆடையில் பட்டுவிட்டதோ என்று அவள் பார்க்கும் அந்தக் கணத்தைப் பலர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். அவள் அவனை வெறுக்கவில்லை. முத்தமிட ஓடித்தான் வருகிறாள். ஆனால் அழுக்கைக் காணும் கண் அவளுக்கு வந்துவிட்டது.

எட்கரை மணப்பதற்கு அவள் நெல்லியிடம் சொல்லும் காரணங்களை உங்கள் கேள்விக்காகவே மறுபடி படித்துப் பார்த்தேன். எட்கர் அழகானவன், செல்வந்தன், அவனை மணந்தால் அந்த வட்டாரத்திலேயே பெரிய சீமாட்டியாகலாம் என்கிறாள். அதோடு அவள் நிறுத்தியிருந்தால் உங்கள் சந்தேகத்துக்குப் பதிலே வேண்டியிருந்திருக்காது. ஆனால் தொடர்ந்து வேறொன்றும் சொல்கிறாள்: ஹீத்கிளிஃபை மணந்தால் இருவரும் பிச்சையெடுக்க வேண்டியதுதான், எட்கரை மணந்தால், ஹீத்கிளிஃபை அண்ணன் பிடியிலிருந்து விடுவித்து மேலே கொண்டுவர முடியும். கணவனின் பணத்தைக் கொண்டா என்று நெல்லி திருப்பிக் கேட்கும் கேள்வி சரியானது, கடுமையானது. அக்கால இங்கிலாந்துச் சட்டத்தில் மணமான பெண்ணின் கையில் வந்த பணமும் பொருளும் கணவனுக்கே உரியவை. மனைவிக்குத் தனிச் சொத்துரிமை தந்த சட்டங்கள் 1870-இலும் 1882-இலும்தான் வந்தன. கேத்தரின் தன் வீட்டிலும் எதற்கும் உரிமையாளர் அல்லள், எல்லாம் அண்ணனுடையது. ஆகையால் அவளைப் பணத்தாசை பிடித்தவள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தன்னிடம் இருந்த ஒரே மூலதனமாகிய திருமணத்தைக் கொண்டு இரண்டு உயிர்களைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்ட பதினைந்து வயதுப் பெண் அவள். கணக்குத் தவறு. ஆனால் அந்தத் தவறில் தன்னலமும் பிள்ளைத்தனமும் உண்மையான அன்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

அந்த உரையாடலில்தான் நாவல் திரும்புகிறது. இப்போதைய நிலையில் ஹீத்கிளிஃபை மணப்பது தனக்கு இழிவு என்று அவள் சொல்கிறாள். அடுத்த மூச்சிலேயே, என்னைக் காட்டிலும் அவன் நானாக இருக்கிறான் என்கிறாள். பின்னர், நானே ஹீத்கிளிஃப் என்றும் சொல்கிறாள். இருட்டில் பெஞ்சில் கிடந்த அவன் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறான். மற்றவற்றைக் கேட்கவே இல்லை. அவள் உள்ளத்தில் இரண்டும் இருந்தன. அவன் காதில் விழுந்தது வர்க்கம் பேசிய வாக்கியம் மட்டும். காதல் பேசிய வாக்கியங்கள் காற்றில் போயின. ஆனால் 'இப்போதைய நிலையில்' என்ற சொற்களையும் விட்டுவிடக் கூடாது. இழிவு அவனுடைய பிறப்பில் இல்லை, ஹிண்ட்லி அவனை ஆக்கிவைத்த நிலையில்தான் இருக்கிறது என்பது கேத்தரினுக்கே தெரிந்திருக்கிறது.

இதைக் காதல் கதை என்று சொல்லலாமா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு, தயக்கத்தோடு ஆம் என்பேன். அந்தக் காதலில் இனிமையோ, பிறர் மீது பரிவோ, ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தலோ அதிகம் இல்லை. ஒரே கட்டிலில் உறங்கி, ஒரே மேட்டுவெளியில் திரிந்து, ஒரே அதிகாரத்தின் கீழ் அடிபட்ட இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் தங்கள் உயிராகவே உணர்ந்த பிணைப்பு அது. அந்தப் பிணைப்பில் மேல் கீழ் இல்லை; ஆகவே மேல் கீழ் பார்க்கும் எந்த வீட்டுக்குள்ளும் அது நுழைய முடியவில்லை. ஆனால் ஹீத்கிளிஃபை இலட்சியக் காதலனாகக் கொண்டாடுவதை நாவலே ஏற்கவில்லை. அவனை அப்படிக் கற்பனை செய்துகொண்டு வீட்டைவிட்டு அவனோடு ஓடிவருபவள் எட்கரின் தங்கை இசபெல்லா. புறப்படும் இரவில் அவளுடைய நாயையே அவன் தூக்கில் மாட்டியதைக் கண்டும் அந்தக் கற்பனை கலையவில்லை என்று பின்னர் அவனே நெல்லியிடம் சொல்கிறான். அவன் எப்படிப்பட்டவன் என்று கேத்தரின் அவளை முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தாள். அவனை நன்கறிந்து நேசித்தவள் அவனைப் பற்றி எந்த மயக்கமும் வைத்திருக்கவில்லை.

இனி பழிக்கு வருகிறேன், ஏனெனில் நாவலில் அதற்கே அதிகப் பக்கங்கள். மொத்தம் 34 அத்தியாயங்கள். கேத்தரின் 16-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறாள். 1939-இல் வந்த புகழ்பெற்ற திரைப்படம் இரண்டாம் தலைமுறையின் கதையை விட்டுவிட்டது. நாவலைப் படிக்காதவர்கள் இதை வெறும் காதல் கதையாக நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். மூன்றாண்டுகள் காணாமற்போய்த் திரும்பும் ஹீத்கிளிஃப், மிடுக்கான நடையும் கையில் பணமும் உள்ளவன். ஹிண்ட்லியோ மனைவியை இழந்து, குடியிலும் சூதிலும் விழுந்து கிடப்பவன். அவனைக் கத்தியால் குத்தவோ தெருவில் இழுத்துப்போட்டு அடிக்கவோ ஹீத்கிளிஃப் வரவில்லை. அவன் வீட்டிலேயே வாடகை கொடுத்துத் தங்குகிறான், அவனோடு சீட்டாடுகிறான், ஆடுவதற்குக் கடன் கொடுக்கிறான், கடனுக்கு ஈடாக நிலத்தை அடமானம் வாங்குகிறான். 27 வயதில் ஹிண்ட்லி இறக்கும்போது ஒரு சாண் நிலமும் மிஞ்சவில்லை. கடன் கொடுத்தவனின் மனம் இரங்குவது ஒன்றே ஹிண்ட்லியின் பிள்ளை ஹேர்ட்டனுக்கு இருக்கும் வழி என்று வழக்கறிஞரே சொல்லிவிடுகிறார்.

ஹீத்கிளிஃப் ஹேர்ட்டனுக்குச் செய்வதுதான் நாவலில் என்னை மிகவும் துன்புறுத்தும் பகுதி. குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரே காற்று முறுக்கினால் இந்த மரமும் மற்ற மரத்தைப் போலவே கோணலாக வளர்கிறதா பார்ப்போம் என்கிறான். அந்த மற்ற மரம் அவனேதான். தனக்கு ஹிண்ட்லி செய்ததை ஹிண்ட்லியின் மகனுக்கு எழுத்துப் பிசகாமல் செய்கிறான்: படிப்பில்லை, நாகரிகமில்லை, சொந்த வீட்டிலேயே கூலியில்லாத வேலையாள். வாசலுக்கு மேலே முந்நூறு ஆண்டுகளாகச் செதுக்கி நிற்கும் தன் பெயரையே ஹேர்ட்டனால் படிக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வகுப்பில் எழுந்து, ஹேர்ட்டன் ஏன் கோபப்படுவதே இல்லை என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை. முதற்பாதியை மட்டும் விரித்துச் சொல்லி இரண்டாம் பாதியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் என் வழக்கம் அதற்குப் பிறகுதான் மாறியது. கொடுங்கோலனால் நசுக்கப்படுபவர்கள் அவனை எதிர்ப்பதில்லை, தங்களுக்குக் கீழே இருப்பவர்களையே நசுக்குகிறார்கள் என்று ஹீத்கிளிஃபே ஓரிடத்தில் கேத்தரினிடம் சொல்கிறான். தன் செயலின் பொருள் அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்தே செய்கிறான் என்பதால்தான் அவனை எளிதில் மன்னிக்க முடிவதில்லை.

கிரேஞ்சைக் கைப்பற்றும் வழி இன்னும் சிக்கலானது. எட்கருக்கு மகன் பிறக்காவிட்டால், மூத்த லிண்டனின் ஏற்பாட்டின்படி நிலம் எட்கரின் மகளுக்குப் போகாமல் இசபெல்லாவின் வழிக்குப் போகும். இசபெல்லாவை மணப்பதற்கு ஹீத்கிளிஃபுக்கு இருந்த காரணங்களில் இது முதன்மையானது. மணந்தபின் அவளை வதைக்கும்போதும், அவள் பிரிந்துபோக உரிமை கோரும் அளவுக்கு எதையும் செய்யாமல், சட்டத்தின் எல்லைக்குள்ளேயே நிற்பதாக அவனே சொல்கிறான். இந்த ஒரு வாக்கியம் போதும், அவன் பழி எத்தகையது என்று காட்ட. பின்னர், நோயாளியான தன் மகன் லிண்டனுக்கும் எட்கரின் மகள் இளைய கேத்திக்கும் திருமணம் செய்துவைக்கிறான். இங்கே மட்டும் சட்டத்தின் திரையும் விலகிவிடுகிறது, ஏனெனில் பெண்ணை வீட்டில் பூட்டிவைத்து அடித்தே அந்தத் திருமணம் நடக்கிறது. மகளின் பணத்தைப் பொறுப்பாளர்களின் கையில் ஒப்படைத்துக் காப்பாற்ற, எட்கர் சாகக்கிடந்து வழக்கறிஞருக்கு ஆள் அனுப்புகிறார். அந்த வழக்கறிஞரோ ஏற்கெனவே ஹீத்கிளிஃபுக்கு விலைபோனவர், வேண்டுமென்றே காலம் தாழ்த்தி வருகிறார். எட்கர் இறந்த சில வாரங்களில் லிண்டனும் இறக்கிறான். கேத்தியின் பணமும் பொருளும் கணவனுக்கு, கணவனிடமிருந்து உயில் வழியாக மாமனாருக்கு.

இதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்று பிரித்துச் சொல்வது கடமை. சட்டம் என் துறையன்று. இந்தப் பகுதியில் நான் நம்புவது சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926-இல் வெளியிட்ட ஆய்வை. நாவலில் நேரடியாகத் தரப்படும் ஆண்டுகள் மிகச் சில. மற்றவற்றை வயது, பருவம், திங்கள் ஆகிய குறிப்புகளிலிருந்து அவர் கணக்கிட்டு, நிகழ்ச்சிகள் அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காட்டினார். சொத்துச் சட்டத்தையும் எமிலி துல்லியமாகவே கையாண்டிருக்கிறார் என்றார். வயது நிரம்பாத லிண்டன் அக்காலச் சட்டப்படி அசையும் பொருளை உயில் எழுதலாம், நிலத்தை எழுத முடியாது. நாவலிலும் அப்படியே வருகிறது. ஆகவே வுதரிங் ஹைட்ஸ் அடமானத்தின் வழியாக அவன் கைக்கு வந்தது தெளிவு. பணமும் பொருளும் உயிலின் வழியாக வந்ததும் தெளிவு. கிரேஞ்சின் நிலம் மட்டும் தெளிவில்லை. மனைவியின் பெயராலும் தன் பெயராலும் அவன் அதை உரிமை கொண்டாடி வைத்துக்கொண்டான் என்றும், அது சட்டப்படிதான் என்று தான் எண்ணுவதாகவும், எப்படியானாலும் காசும் துணையும் இல்லாத கேத்தியால் அவனை அசைக்க முடியாது என்றும் நெல்லி சொல்கிறாள். அந்த உரிமை சட்டத்தில் நிற்காது என்பது சாங்கரின் கருத்து. எனக்கோ நெல்லியின் 'எப்படியானாலும்' என்ற சொல்லே போதுமானதாக இருக்கிறது. வழக்காடப் பணமில்லாதவருக்கு உரிமை இருந்தும் என்ன?

வேறு சில கேள்விகளுக்கு நாவல் திட்டமிட்டே பதில் தருவதில்லை. ஹீத்கிளிஃபின் கதை குயிலின் கதை என்கிறாள் நெல்லி. பிறர் கூட்டில் வளர்ந்து அந்தக் கூட்டின் குஞ்சையே வெளியே தள்ளியவன் என்பது பொருள். அவன் எங்கே பிறந்தான், பெற்றோர் யார், முதலில் பணம் எப்படிச் சேர்த்தான் என்ற மூன்றைத் தவிர மற்ற எல்லாம் தெரியும் என்றும் சேர்த்துச் சொல்கிறாள். அக்கால லிவர்பூல் அடிமை வணிகத்தின் பெரிய துறைமுகம் என்பதால் அவன் ஆப்பிரிக்க வழியினனாக இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். விமர்சகர் டெரி ஈகிள்டன் அவனை அயர்லாந்துப் பஞ்சத்தோடு சேர்த்துப் படிக்கிறார். மூத்த எர்ன்ஷாவுக்கே முறைதவறிப் பிறந்த மகன் என்று ஊகிப்பவர்களும் உண்டு. நாவலுக்குள்ளேயே அவனை நாடோடி இனத்தான் என்கிறார்கள், கப்பலில் வந்த கீழைநாட்டு மாலுமியின் பிள்ளையோ என்கிறார்கள். தந்தை சீனப் பேரரசராகவும் தாய் இந்திய அரசியாகவும் இருக்கலாமே என்று நெல்லி அவனைத் தேற்றுகிறாள். இவற்றில் எதையும் மெய்ப்பிக்கப் பனுவலில் சான்று இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, அவன் தோற்றத்தால் அயலானாகக் காணப்பட்டான் என்பதும், அவனைப் பார்த்த ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த கீழ்ப்படி ஒன்றில் அவனை வைத்தார்கள் என்பதும். ஹிண்ட்லியின் சாவில் அவனுக்குப் பங்கு உண்டா என்பதும் இப்படித்தான். தான் மருத்துவரை அழைக்கப் போனபோது எசமானர் சாகும் நிலையில் இல்லை என்று வேலையாள் ஜோசப் முணுமுணுக்கிறான். அதற்கு மேல் நாவல் ஒன்றும் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் வர்க்கமே காரணம் என்று சொன்னாலும் தவறாகிவிடும். ஹிண்ட்லியின் வெறுப்பு, தந்தையின் அன்பை வேறொருவன் எடுத்துக்கொண்டான் என்ற பிள்ளைப் பொறாமையில் தொடங்குகிறது. அவன் வீட்டுத் தலைவனான பிறகுதான் அந்தப் பொறாமைக்கு வர்க்கத்தின் அதிகாரம் துணைக்கு வருகிறது. சிறுவனாக இருந்தபோதே ஹீத்கிளிஃப், தன் குதிரைக்குட்டி நொண்டியானதும், பட்ட அடிகளைப் பெரியவரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி ஹிண்ட்லியின் குட்டியை வாங்கிக்கொள்கிறான். காயத்தை ஆயுதமாக்கும் அறிவு அப்போதே அவனிடம் இருந்தது. கதையைச் சொல்லும் நெல்லியும் நடுநிலையானவள் அல்லள். அவன் எழுந்து போனதை அந்த இரவில் பார்த்தவள் அவள் ஒருத்திதான், உடனே சொல்லவில்லை. அவளையே கதையின் தீய பாத்திரமாகக் காணும் விமர்சனமும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் எசமானர்களோடு வளர்ந்தும் எசமானியாக முடியாத ஒருத்தியின் கண் வழியாகத்தான் எல்லோரையும் பார்க்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. எமிலியின் தமக்கை சார்லட்டும்கூட, 1850-இல் வந்த பதிப்பின் முன்னுரையில், ஹீத்கிளிஃப் போன்ற ஒருவனைப் படைப்பது சரிதானா என்று ஐயப்பட்டு எழுதினார். உங்களுக்கு வந்த அருவருப்பு புதிதன்று, தவறும் அன்று.

பழி எப்படி முடிகிறது என்பதில்தான் எமிலியின் மேதைமையை நான் முழுமையாக உணர்கிறேன். ஹீத்கிளிஃபை யாரும் தோற்கடிப்பதில்லை. இரண்டு வீடுகளும் கையில் இருக்க, இரண்டு குடும்பங்களின் கடைசிப் பிள்ளைகளும் காலடியில் இருக்க, அழிக்கும் ஆசையே அவனைவிட்டுப் போய்விடுகிறது. ஒரு மாலையில் வீட்டுக்குள் வருகிறான். கணப்பருகில் கேத்தியும் ஹேர்ட்டனும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிறார்கள். இருவரும் ஒருசேரக் கண்ணை உயர்த்துகிறார்கள். இரண்டும் இறந்துபோன கேத்தரினின் கண்கள். ஹேர்ட்டனோ தன் இளமையின் உருவமாகவே அவனுக்குத் தெரிகிறான். படிப்பைப் பறித்து உண்டாக்கிய கோணலை, ஒரு பெண் எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள். அவளும் முன்பு ஹேர்ட்டனின் அறியாமையைப் பார்த்துச் சிரித்தவள்தான். தானே மனம் வருந்தி, புத்தகத்தைப் பொதிந்து பரிசாகக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிறாள். பெரிய கேத்தரின் செய்ய முடியாத ஒன்று இது. ஹீத்கிளிஃப் கீழே தள்ளப்பட்டபோது அவள் அவனுக்காக அழுதாள்; தான் கற்றதை அவனுக்குத் தொடக்கத்தில் சொல்லியும் கொடுத்தாள்; ஆனால் இழிவு என்ற சொல்லைத் தாண்டி அவன் அருகே இறங்கி உட்கார அவளால் முடியவில்லை.

ஹீத்கிளிஃப் இறந்தபோது, அவனுக்குக் குடும்பப் பெயரும் இல்லை, வயதும் தெரியவில்லை என்பதால், கல்லறைக் கல்லில் அந்த ஒற்றைப் பெயரையும் இறந்த நாளையும் மட்டுமே செதுக்குகிறார்கள். எல்லோரையும்விட அதிகமாக வஞ்சிக்கப்பட்ட ஹேர்ட்டன் ஒருவன்தான் உண்மையாக அழுதான் என்று நெல்லி சொல்கிறாள். இரவெல்லாம் உடலருகே உட்கார்ந்து, கையைப் பற்றிக்கொண்டு, மற்றவர்கள் பார்க்கவே அஞ்சிய அந்த முகத்தை முத்தமிடுகிறான்; பிறகு கண்ணீர் வழியப் பச்சைப் புற்கட்டிகளை வெட்டி எடுத்துப் புதுமண்ணின் மேல் தானே பதிக்கிறான்.